எருமை நாக்கும் நாக்கு மீனும் வலையில் தங்காதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரையில் கடல் இல்லை. ஆனால் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தில் இரவு இறக்கிய வலையில் என்ன நடந்தது என்பதை, மறுநாள் விடியற்காலையில் கரிமேடு, மாட்டுத்தாவணி மீன் சந்தைகளில் பெட்டியைத் திறக்கும்போது ஓரளவு படித்துவிடலாம். மீனின் மேல் வலை எங்கே அழுந்தியிருக்கிறது, வெள்ளைப் பக்கம் எந்த நிறத்தில் இருக்கிறது, செவுளில் சேறு இருக்கிறதா, வால் நண்டால் கடிபட்டிருக்கிறதா என்பவை எல்லாம் கடலடியிலிருந்து வரும் செய்திகள். நான் மதுரையில் மீன் வாங்கி விற்பவன். தொண்டிக்கு அருகில் என் தாய்மாமன் மகனுடைய நாட்டுப்படகில் வலைகளுக்குப் பாதிப் பங்கு போட்டிருக்கிறேன். பெட்டியில் கண்டதை அவரிடம் சொல்வதும், அவர் வலையில் கண்டதை என்னிடம் சொல்வதுமாகப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு எழுதும் குறிப்பு இது.

தட்டை மீன் கிடைக்கவில்லை என்றவுடன் பெரும்பாலோர் கண்ணி அளவை, அதாவது வலைத் துளையின் அளவை, மாற்றுகிறார்கள். இல்லையென்றால் இடத்தை மாற்றுகிறார்கள். நாங்கள் பார்த்தவரையில் பிழை பெரும்பாலும் வலையின் அடியில் உள்ள ஒரு முழத்திலேயே இருக்கிறது. தட்டை மீன் சேற்றிலும் மணலிலும் உடலைப் பாதி புதைத்துக்கொண்டு, கண்களை மட்டும் வெளியே வைத்துக் கிடக்கும் உயிர். அது எழுந்தாலும் தரையை ஒட்டியே நகரும். ஆகவே அடிக்கயிறு தரையில் படிந்திருக்கிறதா, அதற்கு மேல் உள்ள கண்ணிகள் தளர்ந்து தொங்குகின்றனவா என்ற இரண்டு கேள்விகளையும் முடித்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும்.

எந்த மீனுக்காக வலை இறக்குகிறோம் என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம் பக்கத்தில் தட்டை மீன் என்றால் முக்கியமாக இரண்டு வகை. எருமை நாக்கு தடித்த உடலும் பெரிய வாயும் கூரிய பற்களும் உடையது. அரை மீட்டருக்கு மேலும் வளரும். மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும். இதன் அறிவியல் பெயரில் இன்றும் 'எருமை' என்ற நம் சொல் இருக்கிறது. 1801இல் அச்சான நூலில் தரங்கம்பாடி மீனவர்கள் வழங்கிய பெயரையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாக்கு மீன் மெலிந்து நீண்டது, பக்கத் துடுப்பு இல்லை, வாய் சிறியது, சேற்றுப் புழுக்களையும் சிறு கூனிகளையும் தின்பது. எருமை நாக்கு பல்லும் முள்ளும் வலையில் மாட்டிக்கொண்டு சிக்கும். நாக்கு மீனுக்கு மாட்டிக்கொள்ள அப்படி எதுவும் இல்லாததால் வழுக்கிப் போய்விடும். ஒன்றுக்குச் சரியாக இருக்கும் வலை மற்றொன்றுக்கும் சரியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே பல குழப்பங்களுக்குக் காரணமாகிறது.

பக்கத்துப் படகில் தட்டை மீன் இருக்கிறது, நம் வலையில் இல்லை

வலையை வாங்கும்போது, அதாவது கடலிலிருந்து இழுத்து எடுக்கும்போது, மீன்களை உடனே கழற்றிவிடாமல், ஒவ்வொன்றும் வலையின் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று ஒரு பாடு (ஒருமுறை வலை இறக்கி எடுப்பது) முழுவதும் கவனியுங்கள். மேல் பாதியில் மத்தியும் சூடையும் காரலும் இருந்து, கீழ் இரண்டு மூன்று வரிசைக் கண்ணிகள் வெறுமையாக வந்தால் வலை தரையில் நிற்கவில்லை, மிதக்கிறது. அடிக்கயிற்றையும் கையில் தடவிப் பாருங்கள். சேற்றுத் தரையில் படிந்திருந்த கயிற்றில் சேறு ஒட்டியிருக்கும். மணல் தரையில் கிடந்த ஈயம் தேய்ந்து பளபளக்கும். கயிறு அலசிப் போட்டது போல் சுத்தமாக வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

மிதப்பதற்கான காரணங்களில் எங்களை மிக நீண்ட காலம் ஏமாற்றியது எடைக்கட்டையின் பொருள். ஒரு பருவத்தில் ஈயம் விலை ஏறிவிட்டது என்று, ஒரு கடைக்காரர் சொன்னபடி அதே எடைக்குச் சிமெண்டுக் குண்டுகளைக் கட்டினோம். கரையில் தூக்கிப் பார்த்தால் பழைய கனம்தான். ஆனால் தண்ணீருக்குள் கனம் அதுவல்ல. ஒரு கிலோ ஈயம் கடல் நீரில் ஏறத்தாழ 910 கிராம் கனத்தோடு இழுக்கும். ஒரு கிலோ சிமெண்டுக் குண்டு ஏறத்தாழ 570 கிராம்தான் இழுக்கும். சுட்ட மண் என்றால் பாதிதான் மிஞ்சும். பொருள் எவ்வளவு லேசானதோ அந்த அளவுக்குத் தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே 10 கிலோ ஈயம் செய்த வேலையைச் செய்ய ஏறத்தாழ 16 கிலோ சிமெண்டு வேண்டும். நாங்கள் 10 கிலோவுக்கு 10 கிலோ கட்டிவிட்டு, அந்தப் பருவம் முழுவதும் இடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கயிறும் இதே கணக்கில் சேரும். நைலான் கயிறு கடல் நீரில் மூழ்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறுகளில் பல தாமாகவே மிதப்பவை. அடிக்கயிற்றை நைலானிலிருந்து அப்படிப்பட்ட கயிற்றுக்கு மாற்றியிருந்தால், கட்டிய ஈயத்தில் ஒரு பகுதி கயிற்றை அமுக்கி வைப்பதற்கே செலவாகிவிடும். மேல்கயிற்றில் பழைய மிதவைகளைக் கழற்றிப் புதியவற்றைக் கட்டியிருந்தாலும் அதையும் நினைவில் வையுங்கள். தண்ணீர் ஊறிப்போன பழைய மிதவையைவிடப் புதியது அதிகமாகத் தூக்கும். மிதவை மாற்றிய வாரத்திலேயே தட்டை மீன் குறைந்தது என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சோதிக்கும் முறை எளியது. ஒரு மீட்டர் நீளத்துக்கு உரிய மேல்கயிற்றையும் அதன் மிதவைகளையும், ஒரு மீட்டர் நீளத்துக்கு உரிய அடிக்கயிற்றையும் அதன் எடைகளையும் சேர்த்துக் கட்டி, தண்ணீர் நிறைந்த பீப்பாயில் போடுங்கள். தயங்காமல் நேரே அடிக்குப் போய் உட்கார வேண்டும். மெதுவாக ஆடி ஆடி இறங்கினால், நீவாடு (கடல் நீரோட்டம்) கொஞ்சம் வலுத்தாலும் வலை எழுந்துவிடும் என்று பொருள். தட்டை மீனுக்கு வலை நிமிர்ந்து நிற்க வேண்டிய தேவையே இல்லை. அடி கனமாகவும் மேல் லேசாகவும் இருந்து, வலை சற்றுச் சாய்ந்து தரைமேல் கவிந்தாலும் நல்லதுதான். ஆகவே எடையைக் கூட்டுவதற்கு முன் மிதவையைக் குறைத்துப் பாருங்கள். செலவும் இல்லை, தூக்கும் கைகளுக்கும் சுமை கூடாது.

எடை சரியாக இருந்தும் கீழ் வரிசை வெறுமையாக வந்தால், அப்போது தரையைப் பாருங்கள். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த, சேறு மிகுந்த கடல். மன்னார் வளைகுடாப் பக்கம் பார்களும் (கடலடிப் பாறை மேடுகள்) பவளப் பாறைகளும் நிறைந்தது. பாரின் மேல் கிடக்கும் அடிக்கயிறு மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம் போல் நிற்கும். அதன் கீழே மீன் தாராளமாகப் போய்விடும். இதற்கு வலையில் பரிகாரம் இல்லை. பாரை விட்டு விலகி, பாருக்கும் சேற்றுக்கும் இடையில் உள்ள மணல் விளிம்பில் இறக்குங்கள். எருமை நாக்குக்கு அது ஏற்ற இடம். நாக்கு மீனுக்கு வெறும் சேறே போதும்.

மீன் சிக்குகிறது, ஆனால் வலையை வாங்கும்போது விழுந்துவிடுகிறது

நீர்மட்டத்துக்கு வந்தவுடன் பளபளவென்று திரும்பிக் கீழே நழுவும் மீனைப் பார்த்து மனம் நொந்தவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். மற்ற மீன்கள் கண்ணிக்குள் தலையை நுழைத்துச் செவுளில் இறுகிச் சிக்குகின்றன. தட்டை மீன் அப்படிச் சிக்குவது குறைவு. தளர்ந்த வலையில் போய் மோதி, அதைத் தன் மேல் சுருட்டிக்கொண்டுதான் சிக்குகிறது. தளர்ச்சி இல்லாத வலையில் அது சாய்ந்து நிற்கிறதே ஒழியச் சிக்குவதில்லை. தூக்கும்போது தன் எடையாலேயே விழுந்துவிடும்.

தளர்ச்சியை அளப்பது இப்படி. கண்ணிகளை முழுவதும் இழுத்து நீட்டினால் 100 மீட்டர் வரும் வலையை 70 மீட்டர் கயிற்றில் கட்டினால் வலை விறைப்பாக நிற்கும். அதையே 50 மீட்டர் கயிற்றில் கட்டினால் தளரும். 40 மீட்டரில் கட்டினால் பை போல் தொங்கும். தட்டை மீனுக்கு 50 மீட்டரிலிருந்து 40 மீட்டர் வரை பொருத்தம் என்பது எங்கள் முடிவு. கயிறு குறையக் குறைய வலையின் உயரமும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. நீட்டிப் பிடித்தால் 2 மீட்டர் உயரம் வரும் வலை, 70 மீட்டர் கட்டில் ஏறத்தாழ 1.4 மீட்டர், 50 மீட்டர் கட்டில் ஏறத்தாழ 1.7 மீட்டர் நிற்கும். அந்த அளவு உயரமே நமக்குத் தேவையில்லை என்பதால், புதிதாகக் கட்டுபவர்கள் உயரத்தில் கண்ணி எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தில் நீளவாக்கில் தளர்ச்சியைக் கூட்டலாம். இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்; வேறு எந்த ஒற்றை மாற்றமும் எங்களுக்கு இவ்வளவு பலன் தரவில்லை.

பழைய விறைப்பான வலையை அவிழ்த்துக் கட்ட நேரமில்லை என்றால், மேல்கயிற்றையும் அடிக்கயிற்றையும் இரண்டு பாகத்துக்கு (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) ஒருமுறை குட்டையான கயிற்றுத் துண்டால் இணைத்துவிடுங்கள். வலையின் உயரத்தில் பாதிக்குக் கீழாக அந்தத் துண்டு இருந்தால், இடையில் உள்ள கண்ணிகள் பை போல் பிதுங்கி நிற்கும். அட்லாண்டிக் கடலில் தட்டை மீன் பிடிப்பவர்களும் இந்த உத்தியைக் கையாளுகிறார்கள்.

இவற்றைச் செய்த பிறகும் விழுந்தால் கண்ணி அளவைப் பாருங்கள். மீனின் அகலமான இடத்தில் நூலைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். கண்ணியின் சுற்றளவு என்பது நீட்டிப் பிடித்த கண்ணியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு. மீனின் சுற்றளவு 24 சென்டிமீட்டர் என்றால் 12 சென்டிமீட்டர் கண்ணியில் அது கடந்து போய்விடும்; 10 சென்டிமீட்டர் கண்ணியில் தோள் வரை நுழைந்து நிற்கும். இந்த அளவை விழுந்த மீனிலிருந்து எடுக்க முடியாது. அதே இரவில் பக்கத்துப் படகில் பிடிபட்டவற்றை அளக்கலாம். மதுரைச் சந்தையில் அதே பகுதியிலிருந்து வந்த பெட்டிகளையும் அளக்கலாம். நான் அப்படித்தான் அளந்து, தொலைபேசியில் சொல்லி அனுப்புகிறேன்.

நாக்கு மீனை மட்டும் நம்பிப் போகிறவர்கள் ஒற்றை வலையோடு போராட வேண்டாம். டிஸ்கோ வலை என்று நாம் அழைக்கும் மூவடுக்கு வலை, நடுவில் தளர்ந்த சிறு கண்ணியும் இரு புறமும் பெரிய கண்ணியும் உடையது. மீன் நடு வலையைத் தள்ளிக்கொண்டு பெரிய கண்ணி வழியாகப் போய்ப் பைக்குள் மாட்டிக்கொள்வதால் வழுக்கும் உடல் அதற்கு உதவுவதில்லை. இதில் குறையும் உண்டு: எல்லாச் சிறு மீனும் இதில் சிக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கடைசியாக, வாங்கும் கை. வலை நீர்மட்டத்தை விட்டு எழும் அந்த ஒரு நொடியில்தான் மீன் விழுகிறது. ஒருவர் வலை வாங்க, இன்னொருவர் கைப்பிடி வைத்த அள்ளு வலையைக் கீழே ஏந்தி நிற்க வேண்டும். படகில் இருப்பது இருவர்தான் என்றால், வாங்கும் வேகத்தைக் குறையுங்கள்.

வலையில் நண்டு நிறைந்திருக்கிறது, மீன் பாதிதான் மிஞ்சியிருக்கிறது

நண்டு விலை போகும் பொருள்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தட்டை மீனுக்காக இறக்கிய வலையில் நண்டு வருவது, வலை அதிக நேரம் கிடந்ததைக் காட்டுகிறது. முதலில் சிக்கிய மீன் செத்து, அதன் வாடைக்கு நண்டு வருகிறது. வலையைக் கிழித்துக்கொண்டு நண்டும் சிக்குகிறது, மீனும் வீணாகிறது.

கடித்த அடையாளத்தைப் பாருங்கள். கண்ணும் வயிறும் குடைந்து, தோல் மட்டும் பை போல் மிஞ்சியிருந்தால் நண்டும் கடற்பேன் போன்ற சிற்றுயிர்களும் நெடுநேரம் தின்றிருக்கின்றன. துடுப்போரம் கத்தரித்தது போல் வட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் அது பேத்தை மீனின் வேலை. பேத்தைக்கு நேரம் தேவையில்லை, அந்த இடத்தை விட்டு விலகுவதுதான் வழி.

நேரத்தைக் குறைக்கச் சொன்னால், மீன் குறைந்துவிடுமே என்று சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை ஒரே இரவில் தீர்த்துக்கொள்ளலாம். பொழுது சாய்வதற்கு முன் எல்லா வலைகளையும் இறக்குங்கள். பாதியை நள்ளிரவில் வாங்குங்கள். மீதியை விடியலில் வாங்குங்கள். இரண்டு குவியலையும் கலக்காமல், விற்கத்தக்க மீனை மட்டும் எடை போடுங்கள். எங்கள் வலைகளில் தட்டை மீன் பெரும்பாலும் பொழுது மங்கிய பிறகான முதல் சில மணி நேரத்திலேயே சிக்கிவிடுகிறது. விடியல் வரை காத்திருந்ததால் நண்டுகளுக்கு உணவு கிடைத்ததே தவிர, எங்களுக்கு மீன் கூடவில்லை.

வலை கயிறு போல் முறுக்கிக்கொண்டு வருகிறது

தளர்ச்சியைக் கூட்டி மிதவையைக் குறைத்தவர்களுக்கு இது வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீவாடு வலுக்கும் நாள்களில் வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே இறக்கினால் அது உருளும். அந்த நாள்களில் நீவாட்டோடு சேர்த்து நீளவாக்கில் இறக்குங்கள். இரு முனைகளிலும் நங்கூரம் நழுவாமல் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்; ஒரு முனை நழுவினால் முழு வலையும் சுற்றும். அப்படியும் முறுக்கினால், கழற்றிய மிதவைகளில் நான்கில் ஒரு பங்கை மீண்டும் கட்டுங்கள். வாடைக் காற்று ஓங்கி அடித்தட்டு கலங்கும் நாள்களில் எதுவும் பலிக்காது. வலையை வீட்டில் வைத்துப் பழுது பாருங்கள்.

வலை கிழிந்திருக்கிறது

கிழிசலின் வடிவம் காரணத்தைச் சொல்லும். அடிக்கயிற்றை ஒட்டிக் கீழிருந்து மேலாகப் பிய்ந்திருந்தால் பாறை அல்லது சிப்பிப் படுகை. உள்ளங்கை அளவு ஓட்டைகள் பல இடங்களில் சிதறியிருந்தால் நண்டும் பேத்தையும். மேல்கயிறு முதல் அடிக்கயிறு வரை ஒரே கோடாக அறுந்து, பல மீட்டர் வலை காணாமலே போயிருந்தால் விசைப்படகின் இழுவைமடி கடந்து போயிருக்கிறது. கொடியும் விளக்கும் இல்லாத போயாவை இரவில் எந்தப் படகும் பார்க்க முடியாது. இரு முனைக்கும் கொடி, விளக்கு கட்டுவது வீண் செலவு அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாள்கள், புதிய வலைக்கட்டைச் சோதிக்க மிக நல்ல காலம். அறுபடும் பயம் குறைவு. கிடைத்த பலனும் வலையின் பலன்தானா என்று தெளிவாகத் தெரியும்.

அறுந்து கிடக்கும் வலையைத் தேடிப் போய் எடுங்கள். தங்கூசி என்ற நைலான் வலை நூல் மக்காது, நம் கையில் இல்லாவிட்டாலும் அது மீனையும் நண்டையும் கொன்றுகொண்டே கிடக்கும்.

வலை வழக்கத்துக்கு மாறாகக் கனக்கிறது

பெரும்பாலும் கடற்புல்லும் சொறி என்ற ஜெல்லி மீனும்தான். புல் என்றால் அந்த இடத்தில் மீண்டும் இறக்காதீர்கள். புல்வெளி மீன்குஞ்சு வளரும் இடம், வலையும் அங்கே வேலை செய்யாது. சொறி வரும் நாள்களில் நேரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் கனத்தோடு இழுப்பும் தெரிந்தால் வலை வாங்கும் கை உடனே விரைய வேண்டும். ஆமையும் ஆவுளியா என்ற கடற்பசுவும் நம்மைப் போல் காற்றைச் சுவாசிப்பவை; தரையோடு பிடிபட்டால் மூச்சுமுட்டி இறந்துவிடும். வலையை அறுத்தாவது விடுவிக்க வேண்டும். இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்பில் உள்ளவை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022இல் தமிழ்நாடு அரசு ஆவுளியாவுக்கெனப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தொண்டிக்கு வடக்கே சற்றுத் தொலைவு போனாலே அந்தக் கடல் வந்துவிடும். ஒரு துண்டு வலையை மறு நாளே பின்னிவிடலாம்.

சிறியவையே வருகின்றன

உள்ளங்கை அளவு எருமை நாக்கு ஒன்றிரண்டு வருவது இயல்பு. பாதிக்கு மேல் அப்படி வந்தால், குஞ்சுகள் வளரும் இடத்தில் இறக்கியிருக்கிறீர்கள், அல்லது கண்ணி சிறியது. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த இடத்தை விட்டு வெளியே போங்கள். டிஸ்கோ வலை என்றால் அந்த இடத்தில் அதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். உயிரோடு இருப்பவற்றை உடனே விடுங்கள். மதுரையில் அவற்றுக்கு விலை கிடையாது, கருவாட்டுக் கணக்கில்தான் போகும்.

கடலில் நன்றாக இருந்த மீன் மதுரையில் கெட்டிருக்கிறது

இது வலையின் பிழையா, பெட்டியின் பிழையா என்று முதலில் பிரிக்க வேண்டும். மீனின் வெள்ளைப் பக்கத்தில் சிவந்த திட்டுகள் பரவியிருந்து, வலை அழுந்திய கோடுகள் ஆழமாகப் பதிந்திருந்தால், அது வலையிலேயே செத்து நெடுநேரம் கிடந்த மீன். மேலே நேரத்தைப் பற்றிச் சொன்னதுதான் மருந்து. திட்டுகள் ஓரங்களில் மட்டும் இருந்தால் படகில் மிதித்திருக்கிறார்கள், அல்லது வலையிலிருந்து பிடுங்கிக் கழற்றியிருக்கிறார்கள். செவுளில் சேறு அடைந்திருந்தால் ஐஸ் போடுவதற்கு முன் கடல் நீரில் அலசவில்லை.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல், பெட்டியின் மேலடுக்கு மீன் விறைப்பாகவும் நடு அடுக்கு மீன் குழைந்தும் இருந்தால் பிழை அடுக்குதலில். மற்ற மீன்களைக் கொட்டினால் இடையில் சந்து இருக்கும், ஐஸ் இறங்கும். தட்டை மீனைத் தட்டு அடுக்குவது போல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டு மேலே ஐஸைக் கொட்டினால், நடுவில் உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடலின் வெப்பத்தோடேயே மதுரை வரை வருகின்றன. ஒரு வரிசை மீன், ஒரு வரிசை நொறுக்கிய ஐஸ் என்று வையுங்கள். அடியிலும் ஐஸ் இருக்க வேண்டும்.

அளவும் முக்கியம். 30 டிகிரி வெப்பத்தில் உள்ள ஒரு கிலோ மீனைப் பனிக்கட்டியின் குளிர்ச்சிக்குக் கொண்டுவருவதற்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் உருகித் தீர்ந்துவிடும். அதன் பிறகுதான் வழி வெயிலைத் தாங்கும் ஐஸ் தொடங்குகிறது. தொண்டியிலிருந்து சிவகங்கை வழியாக மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். சித்திரை, வைகாசியில் கிலோவுக்குக் கிலோ ஐஸ் போடாத பெட்டி மதுரைக்கு வரும்போது வெந்நீர்ப் பெட்டியாக வருகிறது. தெர்மாகோல் பெட்டியின் அடியில் நீர் வடியும் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று ஏற்றும் இடத்திலேயே பாருங்கள். உருகிய நீரில் ஊறிய நாக்கு மீனின் தோல் வெளுத்துவிடும். எங்கள் பெட்டிகளில் மாமா மகன் இப்போது வலை வாங்கிய நேரத்தை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டி அனுப்புகிறார். நான் பெட்டியைத் திறந்தவுடன் முதலில் அந்த அட்டையைப் படித்துவிட்டு, பிறகுதான் மீனைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கிறேன்.